நாலு பல்லும் ஒரு நத்தைப் பண்ணையும்

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். சோபாவில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே நாம் மீனைப் பார்ப்போம். மீன் நம்மைப் பார்க்காது. அதற்கு ஆயிரம் ஜோலி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு திரும்ப இந்தக் கோடிக்கு வர வேண்டும். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடுகிற எலெக்ட்ரிக் டிரெயினாவது நடுவில் நாலு பேரை ஏற்றிக்கொள்ளும். இது அதுகூட இல்லை.

பேத்தை மீன் அப்படியில்லை, சார். அது பார்க்கும். தொட்டிக்கு முன்னால் நீங்கள் போய் நின்றால் கண்ணாடிக்கு நேராக வந்து, அந்தரத்தில் ஹெலிகாப்டர் மாதிரி நின்று, உங்கள் முகத்தைப் பார்க்கும். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றும் வசதி இருப்பதால், ஒரு கண்ணால் உங்களையும் இன்னொரு கண்ணால் சாப்பாட்டையும் ஏககாலத்தில் கவனிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் ஒரு மேனேஜர் இப்படித்தான்... சரி, வேண்டாம். மனுஷர் ரிட்டையர் ஆகிவிட்டார்.

இந்த ஒரு குணத்துக்காகத்தான் பேத்தையை வீட்டில் வளர்க்கலாமா என்று இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். காரணம், அப்பா.

அம்மா போன வருஷம் தவறிப் போனாள். அப்பா தூத்துக்குடி வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு வந்து சேர்ந்தார். முப்பத்தி நாலு வருஷம் கருவூலத்தில் கணக்கு எழுதியவர். வந்த நாளிலிருந்து ஹாலில் ஜன்னலோர நாற்காலிதான். டி.வி. ஓடும், பார்க்க மாட்டார். பேப்பர் மடியில் இருக்கும், படிக்க மாட்டார். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால் "ம்." "பார்க் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்றால் "ம்ஹூம்." ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளை எண்ணினால், தந்தி இருந்த காலமாக இருந்தால் மினிமம் சார்ஜிலேயே முடிந்து, இரண்டு வார்த்தை மிஞ்சவும் செய்யும்.

நானோ வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். (பி.காம். படித்துவிட்டு இதைச் செய்கிறவன் என்பதால் என் வரவு செலவில் 'வரவு' என்ற பகுதி சுருக்கமாக இருக்கும்.) மனைவி ஆபீஸ் போய்விட்டால் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை ஒரே ஹாலில் நானும் அப்பாவும். நான் லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருப்பேன். அவர் ஜன்னலை முறைத்துக்கொண்டிருப்பார். மின்விசிறி மட்டும் பேசும்.

"வீட்டுல ஏதாவது ஜீவன் இருந்தா மாமாவுக்குப் பொழுது போகும்ங்க" என்றாள் மனைவி.

நாய் என்றால் ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட்டில் அதற்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது. பூனை என்றால் அப்பாவுக்குத் தும்மல். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எலிமினேஷன் முறையில் மிஞ்சியது மீன்.

இங்கே என் கல்லூரித் தோழன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பூரில் இருக்கிறான். அவன் வீட்டில் மனிதர்கள் மூன்று பேர், மீன் தொட்டிகள் பதினொன்று. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். ஹாலில் பெரிய தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். உள்ளங்கை நீளம், பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகள், வெள்ளை வயிறு, மாறாத ஒரு அப்பாவிச் சிரிப்பு. அப்பா அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அது வந்து அவர் முன்னால் நின்றது. அவர் தலையை இடது பக்கம் சாய்த்தார். அது இடது பக்கம் நகர்ந்தது. அவர் வலது பக்கம் சாய்த்தார். அதுவும் வந்தது. பத்து நிமிஷம் இந்த விளையாட்டு நடந்தது.

"என்னல இது, பாத்துக்கிட்டே இருக்கு!" என்றார்.

நாலு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான வாக்கியம் அதுதான். எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. தோழன் உற்சாகமாக, "பேத்தை அங்கிள்!" என்று ஆரம்பித்தான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "பேத்தையா? எங்க ஊர்ல இது வலையில வந்தா தூக்கிக் கடல்லயே எறிஞ்சிருவானுவ. இதைப் போயி காசு குடுத்தா வாங்குன?"

இரண்டாவது வாக்கியம், மூன்றாவது வாக்கியம்! அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். அதாவது, முடிவு செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் எந்த முடிவும் நிதி, உள்துறை இரண்டு இலாகாக்களையும் தாண்டி வர வேண்டும். இரண்டும் என் மனைவியிடம் இருக்கின்றன.

"பேத்தைன்னா விஷம்தானே?" என்பது அவளுடைய முதல் கேள்வி.

விஷம்தான். சாதாரண விஷமில்லை. டெட்ரோடாக்ஸின் என்று பெயர். 1909-ல் ஜப்பானிய விஞ்ஞானி தஹாரா வைத்த பெயர் அது. இன்றுவரை மாற்று மருந்து கிடையாது. உதடு மரத்து, நாக்கு மரத்து, கடைசியில் மூச்சு விடுகிற தசைகளும் வேலைநிறுத்தம் செய்துவிடும். 1774-ல் நியூ கலிடோனியாவில் கேப்டன் குக், இந்த இனத்து மீன் ஒன்றின் ஈரலையும் சினையையும் சும்மா ருசி பார்த்துவிட்டு, ராத்திரி கை கால் மரத்துப் போய்ப் படாதபாடு பட்டார். குடலைத் தின்ற பன்றி காலையில் செத்துக் கிடந்தது. 1975-ல் கியோட்டோவில் பாண்டோ மிட்சுகோரோ என்ற பிரபல கபுகி நடிகர், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நாலு பிளேட் ஈரல் சாப்பிட்டார். ஆகிவிட்டது.

இதையெல்லாம் விலாவாரியாக மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் கடைசியில் நான் ஒரு போடு போட்டேன். "இதெல்லாம் தின்னாத்தானே! நாம என்ன குழம்பு வைக்கவா வாங்குறோம்?" தவிர, அந்த விஷம் மீனின் சொந்தச் சம்பாத்தியமும் இல்லை. கடலில் சில பாக்டீரியாக்கள் உண்டாக்குவது; தின்கிற தீனி வழியாக மீனுக்குள் வந்து சேர்கிறது. ஜப்பானில் விஷமில்லாத தீனி மட்டும் போட்டு வளர்த்த பேத்தைகளில் விஷம் சேர்வதில்லை என்று பார்த்திருக்கிறார்கள். சேர்க்கை சரியில்லை, அவ்வளவுதான். நம் வீட்டுப் பையன்களைப் பற்றி நாம் சொல்வதேதான்.

"ஊதுமாமே?" அடுத்த கேள்வி.

ஊதும். பயந்தால் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து வயிற்றைப் பந்து மாதிரி ஆக்கிக்கொள்ளும். விழுங்க வந்த பெரிய மீனின் வாய்க்குள் போகாது. ஆனால் இது வேடிக்கை காட்டுகிற வித்தை இல்லை, உயிர் பயம். விருந்தாளி வந்திருக்கிறார் என்று குச்சியால் குத்தி ஊத வைக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். வலையில் வெளியே தூக்கினால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்று சில சமயம் வெளியே வராமல், தலைகீழாக மிதந்தே செத்துப் போகும். அதனால் பேத்தையை இடம் மாற்றும்போது டம்ளரிலோ மக்கிலோ தண்ணீரோடு சேர்த்துத்தான் அள்ள வேண்டும்.

நான் இன்னொரு அஸ்திரமும் வைத்திருந்தேன். ஜப்பானில் அமாமி ஓஷிமா என்கிற தீவுக்குப் பக்கத்தில், கடலடி மணலில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வட்ட வட்டமாக, அச்சில் வார்த்த மாதிரி கோலங்கள். 1995 வாக்கில் முக்குளிப்பவர்கள் கண்ணில் பட்டு, யார் போட்டது என்று பல வருஷம் தெரியாமலே இருந்தது. கடைசியில் பார்த்தால் நாலரை அங்குலப் பேத்தை! ஆண் பேத்தை ஒரு வாரத்துக்கு மேல் ராப்பகலாகத் துடுப்பால் மணலைக் கிளறிக் கிளறிப் போடுகிறது. பெண் பேத்தை வந்து பார்த்து, கோலம் பிடித்திருந்தால் நடுவில் முட்டையிடும். அந்த இனத்துக்கு 2014-ல்தான் பெயரே வைத்தார்கள்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆம்பிளை கோலம் போடுதா? அதையே வாங்கிட்டு வாங்க!" என்றாள். உள்துறை ஒப்புதல் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தோழனோடு கொளத்தூர். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். வரிசையாகக் கடைகள். பிளாஸ்டிக் பைகளில் காற்றடைத்துக் கட்டித் தொங்கவிட்ட மீன்கள், தொட்டி, கூழாங்கல், பிளாஸ்டிக் பொக்கிஷப் பெட்டி, வாயைத் திறந்து மூடும் முதலை பொம்மை. ஒரு கடையில், தோழன் வீட்டில் பார்த்த அதே பச்சைப் புள்ளி மீன், கட்டைவிரல் நுனி அளவில் இருபது முப்பது.

"நல்ல தண்ணி மீன்தான் சார். கோல்ட் பிஷ் கூடவே விடலாம். ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர்.

தோழன் முழங்கையால் என் விலாவில் இடித்தான். வெளியே வந்ததும் பொரிந்து தள்ளிவிட்டான். அது கழிமுகத்து மீன். தென்கிழக்கு ஆசியாவில் ஆறும் கடலும் கலக்கிற இடங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் இருப்பது. குஞ்சாக இருக்கும்போது நல்ல தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் விற்கிறார்கள். வளர வளரத் தண்ணீரில் உப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சமையல் உப்பு இல்லை, கடல் தொட்டிகளுக்கென்றே விற்கிற உப்பு. அதை அளக்க ஒரு கருவி. மீன் அரை அடிக்கு வளரும், அதற்கேற்ற பெரிய தொட்டி வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். நல்ல தண்ணீரிலேயே விட்டால், உடனே சாகாது, அதுதான் கொடுமை. மெல்ல மெல்ல நோஞ்சானாகி, வாங்கியவன் தன் ராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும்படியாகச் சாகும்.

கோல்ட் பிஷ்ஷோடு விட்டால்? மறுநாள் காலையில் வால் இல்லாத கோல்ட் பிஷ் இருக்கும். பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு பல். நாலும் ஒட்டிக்கொண்டு கிளி மூக்கு மாதிரி இருக்கும். டெட்ரடான் என்று கிரேக்கத்தில் பெயர் வைத்ததற்கு அர்த்தமே 'நாலு பல்' என்பதுதான். அடுத்தவன் வாலில் ஒரு கடி கடித்துப் பார்க்காமல் அவற்றுக்குத் தூக்கம் வராது.

அந்தப் பல் இருக்கிறதே, அது ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை, நண்டு, சிப்பி என்று ஓடுள்ளதாகக் கடித்துத் தின்றால்தான் தேயும். பெரிய வகைப் பேத்தைகளுக்கு வெறும் புழுவாகப் போட்டு வளர்த்தால் பல் நீண்டு வாயே திறக்க முடியாமல் பட்டினி கிடக்கும். அப்புறம் கிராம்புத் தைலம் கலந்த தண்ணீரில் விட்டு மயக்கம் கொடுத்து, கையில் பிடித்துப் பல்லை நறுக்க வேண்டும். தோழன் செய்திருக்கிறான். "கை நடுங்குச்சுடா. எம் பொண்டாட்டி டார்ச் அடிச்சா" என்றான். எனக்கு என் பல்லுக்கே டாக்டரிடம் போகத் தைரியம் கிடையாது.

இந்தப் பச்சைப் புள்ளிக்கு விஞ்ஞானத்தில் பெரிய இடம். 2004-ல் இதன் ஜீனோம் முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2002-ல், ஜப்பானியர் சாப்பிடுகிற ஃபூகு பேத்தையுடையது. மனிதனுக்கு இருப்பதில் எட்டில் ஒரு பங்குதான் நீளம். ஆனால் ஜீன்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதே அளவு. நடுவில் நம்மிடம் இருக்கிற வெற்றுப் பக்கங்கள் அதனிடம் இல்லை. இதைச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "பழைய ஃபைலையெல்லாம் அப்பப்ப கழிச்சிருக்குன்னு சொல்லு."

முப்பத்தி நாலு வருஷக் கருவூல அனுபவம், சார்!

நிற்க. பச்சைப் புள்ளிக்கு உப்பு, பெரிய தொட்டி, அளவு கருவி என்று தாளில் போட்டுப் பார்த்தேன். மூலதனச் செலவே என் ஆறு கட்டுரை. மாதா மாதம் நடைமுறைச் செலவு தனி. நிதி இலாகா திருப்பி அனுப்பிவிட்டது. இன்னும் பெரிய பேத்தைகளும் உண்டு. நைல் நதியில் ஃபஹாகா, ஒன்றரை அடி. காங்கோவில் ம்பு, இரண்டடிக்கும் மேல். அதற்கெல்லாம் தொட்டி வைத்தால் நாங்கள் பால்கனியில்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

மிஞ்சியது, பட்டாணிப் பேத்தை.

பெயருக்கு ஏற்ற அளவு. முழுசாக வளர்ந்தாலே ஒரு அங்குலம்தான். மஞ்சள் கலந்த பச்சை, கறும் திட்டுகள், பெரிய பேத்தைக்குள்ள அதே உருண்டைக் கண், அதே முகம், அதே கோபம். முக்கியமாக, உப்பு வேண்டாம். சுத்த ஆற்று மீன். இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரம், ஐம்பத்தாறு லிட்டர் தொட்டி தாராளம். ஹீட்டரும் வேண்டாம், சென்னை நமக்குச் செய்கிற ஒரே உபகாரம் அது. எங்கேயோ அமேசானிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து வீடு! கேரளத்து ஆறுகள், அதையொட்டிய கர்நாடகப் பகுதி, அவ்வளவுதான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1941-ல் ஹோராவும் நாயரும் இதை விவரித்து, அப்போதைய சமஸ்தானத்தின் பெயரால் 'திருவாங்கூர்' பேத்தை என்றே விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க உள்ளது?"

"கேரளாப்பா. பம்பையில எல்லாம் இருக்கு."

"அங்கருந்து பிடிச்சா கொண்டாறானுவ?"

"ஆமாம்ப்பா. கடையில இருக்கறது முக்காவாசி ஆத்துல பிடிச்சதுதானாம்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது பாட்டுக்கு அங்கனயே இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் மீனைப் பற்றித்தான் சொன்னாரா என்று மனைவியை எழுப்பிக் கேட்டேன். "மீனைப் பத்திதான் சொன்னார், தூங்குங்க" என்றாள். அவளும் அப்புறம் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பட்டாணிப் பேத்தை அழிவை நோக்கிப் போகக்கூடிய இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. ஆற்று மணல் போகிறது, தண்ணீர் கெடுகிறது, அணை வருகிறது. இதற்கு நடுவில் வண்ண மீன் வியாபாரத்துக்கென்று வலையும் வருகிறது. அதே ஆற்று வட்டாரத்திலிருந்து மிஸ் கேரளா என்கிற சிவப்புக் கோட்டு மீனை ஊர் ஊராக ஏற்றுமதி செய்து என்ன கதி ஆக்கினோம் என்பது மீன் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு மீன் வாங்குவதால் ஆறு வறண்டுவிடாதுதான். ஆனால், கடைக்காரர் ஒரு பையை எடுத்துக் கட்டும்போது, அடுத்த பைக்கு ஆர்டர் போகிறதே?

தோழனிடம் போன் செய்து சொன்னேன். அவன் சிரித்தான். "கடையில வாங்கச் சொன்னது யாருடா? எங்கிட்டயே இருக்கே!"

இருக்கிறதாம். அவன் வீட்டு ஒன்பதாம் நம்பர் தொட்டியில் இரண்டு தலைமுறையாகப் பட்டாணிப் பேத்தை. பாசிக்குள் முட்டையிடும், ஒன்றிரண்டு என்று கண்ணுக்கே தெரியாது. அப்பாவும் அம்மாவும் குஞ்சைத் தின்றுவிடாமல் பிரித்தெடுத்து, ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் பொரித்துப் போட்டு வளர்க்க வேண்டும். இப்போது ஒன்பது குஞ்சுகள், உளுந்து அளவில். ஆற்றையே பார்க்காத பிள்ளைகள். இரண்டு மாதத்தில் தருகிறேன் என்றான். ஒரே ஒரு நிபந்தனை: "தொட்டியை இன்னிக்கே வை. மீனை இல்ல, தொட்டியை."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மீன் வளர்த்துத் தோற்றவர்களில் பெரும்பாலோர் விழுகிற பள்ளம் இதுதான். காலையில் தொட்டி வாங்கி, மத்தியானம் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் மீன் விட்டு, ஒரு வாரத்தில் மீனைக் கொல்லைப்புறம் புதைக்கிறோம். மீனின் கழிவும் மிஞ்சின தீனியும் அம்மோனியா ஆகும். அம்மோனியா விஷம். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா. நைட்ரைட்டும் விஷம். அதைத் தின்று நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும். வாரா வாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் பில்டரில் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. பேத்தை மாதிரிச் செதிலில்லாத மீனுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருந்தால் அந்த பாக்டீரியாவும் காலி. அதற்கு முறிவுச் சொட்டு மருந்து உண்டு. மீன் இல்லாமல் அம்மோனியா எங்கிருந்து வரும்? ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுக விடு என்றான் தோழன்.

"இறால் விக்கிற விலைக்கு, குழம்புல போடாம தண்ணியில போட்டு அழுக விடுறீங்களா?" என்று மனைவி கேட்டாள். பதில் இல்லாத கேள்வி. ஒரு வாரம் ஹாலில் காசிமேடு வாசம்.

நான் சோதனைக் குப்பிகளில் சொட்டு விட்டு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் என்றால் அம்மோனியா பூஜ்யம், பச்சை ஏற ஏற விஷம். மூன்றாம் நாள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னல, எழுதி வைக்கலியா?"

"என்னப்பா?"

"நேத்து என்ன இருந்துச்சுன்னு தெரியாம இன்னைக்கு என்னன்னு எப்படிச் சொல்லுவ? பி.காம். படிச்சியாக்கும்!"

எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து நீளக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், வெப்பம், குறிப்பு. அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு பதிவு, மாலை ஏழு மணிக்கு ஒரு பதிவு. நிறம் சந்தேகமாக இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எழுதுவார். குறிப்புப் பகுதியில் ஒரு நாள் இப்படி இருந்தது: 'பகல் 2 முதல் 3 வரை மின்சாரம் இல்லை. பில்டர் ஓடவில்லை. மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.'

செடி வாங்கி நட்டோம். செடியோடு இலவசமாக நத்தை வந்தது. பட்டாணிப் பேத்தைக்கு உருண்டைத் தீனி, காய்ந்த தீனி ஆகாது. உறைய வைத்த ரத்தப்புழு, உயிருள்ள புழு, எல்லாவற்றுக்கும் மேலாக நத்தை. நத்தையென்றால் உயிரை விடும். அதனால் நத்தைகளைத் தனியாக ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்க்க வேண்டும் என்றேன். அப்பா அந்த இலாகாவையும் எடுத்துக்கொண்டார். ஒரு பாட்டில் மூன்றாயிற்று. வேகவைத்த கீரைத் தண்டு, வெள்ளரித் துண்டு என்று அவற்றுக்குத் தனிச் சமையல். கொம்பு நீட்டுவதையும், கண்ணாடியில் வழவழவென்று முட்டை ஒட்டி வைப்பதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார். ஜன்னலோர நாற்காலி இப்போது அலமாரிப் பக்கம் வந்துவிட்டது.

போன வாரம் சிக்கல் வந்தது. "இத்தனையும் அது திங்கிறதுக்கா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"நாம் பாத்துப் பாத்து வளத்தது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, மூணாவது பாட்டிலைத் தொடக் கூடாது. அது கையிருப்பு" என்றார். அதை நோட்டிலும் எழுதிவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி, தொட்டி விளக்கை அணைக்கப் போன என்னிடம் கேட்டார்: "ஏல, இந்த மீனு எத்தனை வருசம் இருக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா நாலஞ்சு வருஷம் இருக்கும்ப்பா."

மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். "அப்ப சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நான் விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புள்ளியையே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. அது பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றானே.

இப்போது நிலவரம் என்னவென்றால், எத்தனை மீன் என்பதில் இழுபறி. ஒன்றே ஒன்று என்றால் சண்டை இல்லை, தொட்டி முழுக்க அதன் ராஜ்யம். கூட்டமாக என்றால் ஆண்கள் எல்லை பிரித்துக்கொண்டு அடித்துக்கொள்ளும். செடி அடர்த்தியாக இருந்து, பெண் அதிகமாக இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் குஞ்சில் ஆண் பெண் தெரியாது. வளர்ந்த பிறகுதான் ஆணுக்கு வயிற்றில் கறுப்புக் கோடும், கண்ணோரம் சுருக்கமும் வரும். "ஆறு எடுத்துட்டுப் போ. வளர்ந்ததும் அதிகப்படி ஆம்பிளைங்களை எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடு" என்கிறான் தோழன்.

அப்பாவுக்கு ஒன்று மட்டும் என்பதில் சம்மதமில்லை. "தனியா எதுக்கு?" என்றார். வேறு விளக்கம் தரவில்லை. ஆறு என்பது உறுதியாகிவிட்டது. அதிகப்படி ஆண்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகத் தோழனிடம் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார். சும்மா வாய்ப்பேச்சை நம்பக் கூடாதாம்.

ஐந்தாவது வாரம் நடக்கிறது. அம்மோனியா நாலு நாளாகப் பூஜ்யம். நேற்று தோழன் போன் செய்து, குஞ்சுகள் தயார், ஞாயிற்றுக்கிழமை வா என்றான். அப்பாவிடம் சொன்னேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். நைட்ரைட் இன்னும் 0.25-ல் நிற்கிறது. அது பூஜ்யத்துக்கு வந்து, மூன்று நாள் பூஜ்யத்திலேயே நிற்காமல் பில் பாஸ் பண்ண முடியாது என்கிறார்.